கட்டுமானக் கம்பெனிக்கு ஐடி சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கட்டுமானக் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் யாராவது ஒருவர் தலையில்தான் விழும். கணக்குப் பிரிவில் கொஞ்சம் விவரமாக இருப்பவராக இருக்கலாம், பிளானிங்கில் இருக்கும் இளைஞராக இருக்கலாம். பிரிண்டர் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், டாலி திறக்காவிட்டாலும் அவரைத்தான். கோயம்புத்தூரில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் பில்லிங் இன்ஜினியராகச் சேர்ந்த எனக்கு அந்த இடம் தானாகவே வந்து சேர்ந்தது. ஒரே நேரத்தில் ஐந்து சைட் ஓட ஆரம்பித்ததும் சமாளிக்க முடியவில்லை. மாதக் கட்டணம் கொடுத்து வெளியில் உள்ள ஒரு ஐடி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று முதலாளி சொன்னார். மூன்று வருடத்தில் இரண்டு நிறுவனங்களை மாற்றினோம், மூன்றாவதாக வந்தவர்கள்தான் நிலைத்தார்கள். இதே பொறுப்பு புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) வேறு, மேனேஜ்டு சர்வீஸ் வேறு. ஏஎம்சிகாரர் பழுதானபின் நீங்கள் கூப்பிட்டால் வருவார். மேனேஜ்டு சர்வீஸ் என்றால் உங்கள் கம்ப்யூட்டர்களைத் தினமும் தூரத்திலிருந்து கவனிப்பது, அப்டேட் போடுவது, பேக்கப் எடுப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு மெயில் திறப்பது, விலகியவர் கணக்கை மூடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து விற்பவர்கள் உண்டு. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "எங்கள் சர்வரில் ஹார்டு டிஸ்க் நிரம்பப் போகிறது என்றால், அது முதலில் உங்களுக்குத் தெரியுமா, எங்களுக்கா?" பதில் சொல்லத் திணறினால் அவர் விற்பது ஏஎம்சிதான்.

முதல் வேலை: உங்களிடம் இருப்பதை எண்ணுங்கள்

கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எத்தனை கம்ப்யூட்டர், யாரிடம் இருக்கிறது, எந்த சைட்டில், எந்த விண்டோஸ் என்று எழுதுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் பழைய கம்ப்யூட்டர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், செலவுக்கணக்கில் அது பெரிய வரியாக வரும். அடுத்து சாஃப்ட்வேர்: டாலி, ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் புரோ, பிரைமவேரா என்று எது இருக்கிறது, லைசென்ஸ் யார் மெயில் ஐடியில் இருக்கிறது. ஒவ்வொரு சைட்டிலும் எந்த கம்பெனி நெட், கேமரா ரெக்கார்டர் எங்கே, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் எத்தனை, யார் கையில், எப்போது காலாவதி ஆகின்றன என்பதும் அதே நோட்டில் வரவேண்டும்.

நாங்கள் 34 கம்ப்யூட்டர் இருக்கும் என்று நினைத்திருந்தோம். எண்ணினால் 41. மிச்சம் ஏழும், முடிந்துபோன சைட்களிலிருந்து திரும்பி வந்து, ஸ்டோரில் சென்ட்ரிங் ஷீட்களுக்குப் பின்னால் கிடந்தன. அதில் ஒரு லேப்டாப்பைத் துடைத்துத் திறந்து பார்த்தபோது, இரண்டு வருடத்துக்கு முன் ஒப்படைத்த ஒரு அபார்ட்மென்டின் கம்பி ஷெட்யூல் முழுக்க அதில்தான் இருந்தது. வேறு எங்கும் பிரதி இல்லை. அந்த லேப்டாப்பை யாராவது பழைய இரும்போடு சேர்த்துப் போட்டிருந்தால் எங்களுக்குத் தெரியக்கூட வந்திருக்காது.

இரண்டாவது: சைட்டுக்குக் கூட்டிப் போங்கள்

தேர்வில் பாதி இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கருத்து. ஐடி நிறுவனங்கள் பெரும்பாலும் ஆபீஸ்களைப் பார்த்தே பழகியவை. ஏசி அறை, நிலையான நெட், மாறாத ஆட்கள். கட்டுமானத்தில் இடமே மாறிக்கொண்டிருக்கும். இன்று காலி மனை, அடுத்த மாதம் அங்கே கன்டெய்னர் ஆபீஸ், ஒன்றரை வருடத்தில் அதுவும் கிளம்பிவிடும். தூசி, ஜெனரேட்டர் மின்சாரம், மழை. இதைக் கண்ணால் பார்க்காமல் கொட்டேஷன் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

நாங்கள் கூப்பிட்ட மூன்று பேரில் ஒருவர் "லொகேஷன் அனுப்புங்க சார், போதும்" என்றார். இன்னொருவர் வந்தார், கன்டெய்னர் வாசலோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது நிறுவனத்திலிருந்து வந்த பையன் முதலில் குனிந்து பார்த்தது பிளக் பாயின்ட்டை. "அண்ணா, வெல்டிங் மெஷின் ஓடுற லைன்லயே உங்க ரூட்டரும் இருக்கு. அதான் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது. தனி லைன் இழுத்து, எர்த்தும் சரி பண்ணணும்" என்றான். அப்புறம் இரண்டு சிம்மோடு நாலாவது மாடி வரை ஏறி எதில் சிக்னல் நிற்கிறது என்று பார்த்தான். ஆட்கள் வருகைப் பதிவுக்கு வைத்திருந்த கைரேகை மெஷினைப் பார்த்து, "கொத்தனாருங்க ரேகை சிமெண்ட்ல தேஞ்சிருக்கும், இது எடுக்காது. முகம் பாக்குற மெஷின் வைங்க" என்றான். ஆறு மாதமாக மேஸ்திரிகளோடு நாங்கள் போட்ட சண்டைக்குக் காரணம் அதுதான். அன்றைக்கே என் மனதில் முடிவாகிவிட்டது.

சைட்டில் நிற்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள். புதிய சைட் திறந்தால் எத்தனை நாளில் நெட்டும் மெயிலும் தயாராகும்? மெயின் லைன் போனால் சிம்முக்குத் தானாக மாறுமா, யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டுமா? சைட் மூடும்போது அங்குள்ள டேட்டாவை எடுத்துப் பத்திரப்படுத்துவது கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா?

டிராயிங் விஷயத்தையும் அங்கேயே பேசிவிடுங்கள். ஆபீஸில் நாலாவது திருத்தம் வெளியாகி இருக்கும், சைட் இன்ஜினியர் போனில் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டாவது திருத்தம் இருக்கும். கம்பி கட்டி முடித்தபின் தெரியவந்தால் பிரித்துத்தான் கட்டவேண்டும், கூலியும் நாளும் போகும். எல்லோரும் ஒரே இடத்திலிருந்து கடைசித் திருத்தத்தை மட்டும் எடுக்கும்படி, பழையவை தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்து தருவீர்களா என்று கேளுங்கள். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒழுங்காக அமைத்த ஷேர்பாயின்ட்டோ கூகுள் டிரைவோ போதும். ஆனால் யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்பதை உட்கார்ந்து அமைத்துக் கொடுக்கப் பொறுமை உள்ள ஆள் வேண்டும்.

மூன்றாவது: பேக்கப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

எங்கள் முதல் நிறுவனம் தினமும் காலை ஒரு மெயில் அனுப்பும். பச்சை டிக், "பேக்கப் வெற்றி". எட்டு மாதம் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் அக்கவுண்டன்ட் தெரியாமல் எதையோ அழித்துவிட்டார். பேக்கப்பிலிருந்து எடுங்கள் என்றோம். எடுத்துக் கொடுத்த டேட்டா மார்ச் 31-ஓடு நின்றிருந்தது. நடந்தது இவ்வளவுதான்: ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்ததும் அக்கவுண்டன்ட் டாலி டேட்டாவை டி டிரைவில் வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தார். பேக்கப் மென்பொருள் பழைய ஃபோல்டரையே விசுவாசமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தது. டிக் பொய் சொல்லவில்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்த இடம் தவறு. பில்களை வைத்துத் திரும்ப ஏற்ற இரண்டு பேருக்கு மூன்று வாரம் ஆனது.

அதனால் பேக்கப் எடுக்கிறீர்களா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். பேசிக்கொண்டிருக்கும் நிறுவனத்திடம், "உங்கள் வேறொரு வாடிக்கையாளரிடம் கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பார்த்தீர்கள், பெயரை மறைத்து அந்த அறிக்கையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் சொல்லும் தேதியின் டேட்டாவை வேறு ஒரு லேப்டாப்பில் திறந்து காட்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

எப்படி எடுக்க வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு, இன்றைக்கும் அது சரிதான்: மூன்று பிரதி, இரண்டு வகை இடம், அதில் ஒன்று ஆபீஸுக்கு வெளியே. சர்வரோடு எப்போதும் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பாதுகாப்பான பிரதியாக எண்ணாதீர்கள். டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் சர்வரோடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கட்டுமானத்துக்கு இதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரி 30-ஆம் தேதி பிரான்ஸின் மிகப்பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான புயிக் கன்ஸ்ட்ரக்‌ஷன் ரேன்சம்வேர் தாக்குதலில் மாட்டி, பரவாமல் தடுக்கத் தன் கம்ப்யூட்டர் அமைப்பையே நிறுத்த வேண்டி வந்தது.

எத்தனை காலத்துக்கு வைப்பது என்பதையும் நீங்களே சொல்லுங்கள், அவர்களாக 30 நாள் என்று போட்டுவிடுவார்கள். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். மின்னணு வடிவில் இருந்தால், இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியானால் உங்களையும் அது கட்டுப்படுத்தும். கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை யாரும் அணைத்துவிடாமல் பார்ப்பதும் ஐடி ஆளின் வேலைதான். வீடு கட்டி விற்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2016-ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால் நீங்கள்தான் சரிசெய்து தர வேண்டும். நாலாவது வருடம் ஒருவர் சுவரில் விரிசல் என்று வந்து நிற்கும்போது, அந்தக் கட்டடத்தின் கடைசி டிராயிங்கும் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

நாலாவது: சாவிகள் உங்கள் பெயரில்

மேனேஜ்டு சர்வீஸ் எடுப்பவர் உங்கள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறார். வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது நிறுவனத்தில் நாங்கள் பட்டது இது. இணையதளத்தையும் மெயிலையும் புதுப்பிக்கிறோம் என்று டொமைனை, அதாவது எங்கள் இணைய முகவரியை, அவர்கள் பெயரிலேயே பதிவு செய்திருந்தார்கள். நானும் கவனிக்கவில்லை. விலகுகிறோம் என்று சொன்னதும் பழைய பாக்கி, புதிய பாக்கி என்று பேச்சு இழுத்தது. நாலு நாள் எங்களுக்கு மெயில் வரவில்லை. சப்ளையர்கள் போன் செய்து கேட்டபோது என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

டொமைன், மெயில் அட்மின் கணக்கு, கிளவுட் பேக்கப் கணக்கு, ஃபயர்வால், கேமரா ரெக்கார்டர், டாலி சீரியல் நம்பர், ஆட்டோடெஸ்க் கணக்கு எல்லாம் கம்பெனி பெயரில், கம்பெனி மெயிலில் இருக்க வேண்டும். ஐடி நிறுவனத்துக்கு அவர்கள் பெயரில் தனி அட்மின் கணக்கு திறந்து கொடுங்கள், தேவைப்படாத அன்று மூடிவிடலாம். முதன்மைக் கடவுச்சொற்களை ஒரு கவரில் போட்டு, ஒட்டி, முதலாளி லாக்கரில் வையுங்கள்.

அவர்கள் தங்களையே எப்படிப் பாதுகாத்துக்கொள்கிறார்கள் என்றும் கேளுங்கள். 2021 ஜூலை 2-ஆம் தேதி கசேயா என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக ரேன்சம்வேர் பரவியது. அது ஐடி சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் மென்பொருள். சுமார் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன, ஸ்வீடனில் கூப் என்ற பலசரக்குக் கடைத்தொடர் நூற்றுக்கணக்கான கடைகளை மூட வேண்டி வந்தது. உங்கள் ஐடி ஆளின் லேப்டாப்பில் திருடன் புகுந்தால் உங்கள் 41 கம்ப்யூட்டரும் அவன் கையில். எனவே அவர்களின் ஒவ்வொரு ஊழியருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு உண்டா, வேலையை விட்டுப் போனவரின் அணுகலை எத்தனை மணி நேரத்தில் எடுப்பார்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். டிரைவர் போடவும் பிரவுசர் அமைக்கவும் ஐடி ஆள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும். அந்த டோக்கனும் அதன் கடவுச்சொல்லும் டைரக்டரின் கையெழுத்துக்குச் சமம்.

ஐந்தாவது: நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்

"உடனே வருவோம் சார்" என்பதற்கு ஒப்பந்தத்தில் மதிப்பில்லை. போனை எடுக்கும் நேரம் வேறு, சரிசெய்யும் நேரம் வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். 99.5% இயங்கும் என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம், அதில் அரை சதவீதம் என்றால் மூன்று மணி 36 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். அது டெண்டர் மூடும் மதியத்தில் விழுந்தால்? மூன்று மணிக்கு மூடும் டெண்டரை இரண்டு நாற்பதுக்கு ஏற்றும்போது ஜாவா அப்டேட் கேட்டு டோக்கன் மறுத்த அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவில்லை. ஏற்ற முடியவில்லை, டெண்டர் போயிற்று. அதன்பின் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது: டெண்டர் தேதிகளை மாதத் தொடக்கத்தில் நாங்கள் கொடுப்போம், முந்தைய நாளே அவர்கள் அந்தக் கம்ப்யூட்டரைச் சோதித்துச் சொல்ல வேண்டும், அன்று ஒருவர் எங்கள் ஆபீஸில் இருக்க வேண்டும். இதற்குத் தனிக்கட்டணம் கேட்டார்கள், கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமையும் சைட் ஓடும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் வேண்டும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தெரிவிப்பது யார், பதிவுகள் எங்கே இருக்கும் என்று அவர்கள் சட்டென்று சொல்ல முடிகிறதா பாருங்கள்.

நம் தொழிலில் அதிகம் நடக்கும் திருட்டு இன்னும் எளிமையானது. கம்பி சப்ளையர் பெயரில் ஒரு மெயில் வரும், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று. கணக்குப் பிரிவு போட்டுவிடும். உங்கள் டொமைன் பெயரில் பிறர் மெயில் அனுப்ப முடியாதபடி எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகளைச் செய்வது ஐடி நிறுவனத்தின் வேலை. கணக்கு எண் மாறினால் பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது என்பது உங்கள் வேலை. மீறிப் பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் வேறு வேறு கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணைக் கணக்குப் பிரிவுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஆறாவது: காசு

ஆள் கணக்கு, கம்ப்யூட்டர் கணக்கு, சைட் கணக்கு என்று மூன்று விதமாகக் கட்டணம் சொல்வார்கள். கட்டுமானத்தில் ஆட்களின் எண்ணிக்கை மாதாமாதம் ஏறி இறங்கும். அதனால் அந்த மாதம் உண்மையில் இருந்த எண்ணிக்கைக்கு மட்டும் பில் போடும் முறையைக் கேளுங்கள். சைட் திறப்பு, சைட் மூடல், இரவு நேர வருகை, பயணச் செலவு, ஜிஎஸ்டி ஆகியவை உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கொட்டேஷனையும் அப்படி எழுதியபின்தான் ஒப்பிட முடியும். எங்களுக்கு வந்ததில் குறைந்த விலை, சைட் வருகைகளைச் சேர்த்ததும் அதிக விலையாகிவிட்டது.

கிராக் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் செலவு வலிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் கிராக் ஃபைல்களோடு வைரஸ் உள்ளே வருகிறது, லைசென்ஸ் சோதனை வந்தால் பதில் சொல்லப்போவது உங்கள் முதலாளி. வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் தெரிந்தே அதைச் செய்பவரிடம் வீடு வாங்கியவர்களின் ஆதார், பான் நகல்கள் இருக்கும் சர்வரை எப்படி ஒப்படைப்பது?

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பில்லை 90 நாள் இழுப்பது நம் தொழிலில் ஊறிய பழக்கம். ஐடி சேவை கொடுப்பவர்கள் பெரும்பாலும் பத்து இருபது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள். எம்எஸ்எம்இ பதிவு உள்ள குறு, சிறு நிறுவனமானால் ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சம்பளம் தாமதமாகும் ஒரு பையன் மழையில் பல்லடம் சைட்டுக்கு பைக் எடுத்துக்கொண்டு வரமாட்டான்.

கடைசியில்: மூன்று மாதம் சோதனை

நேரடியாக வருட ஒப்பந்தம் போடாதீர்கள். மூன்று மாதம் சோதனை என்று வைத்து, ஆபீஸையும் ஒரே ஒரு சைட்டையும் கொடுங்கள். முடிந்தால் உங்களைப் போலவே கட்டுமானத்தில் இருக்கும் அவர்களின் வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் பேசுங்கள். முதலாளியிடம் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார், ஸ்டோர் கீப்பரிடம் கேளுங்கள். பிரியும்போது 30 நாள் முன்னறிவிப்பு, கடவுச்சொற்கள், அமைப்பு விவரங்கள், பேக்கப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒப்படைத்தபின் கடைசிப் பில் என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

அந்த மூன்று மாதமும் ஒரு நோட்டில் புகார் எழுதிவாருங்கள்: எப்போது சொன்னோம், எப்போது எடுத்தார்கள், எப்போது முடிந்தது, அதே பழுது திரும்ப வந்ததா. தொண்ணூறாவது நாள் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முந்தைய வாரங்களில் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லி, வெறும் லேப்டாப் ஒன்றை அவர்கள் முன் வையுங்கள். எங்களுக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை. தேதி சொன்னது பதினொன்று பத்துக்கு. பதினொன்று ஐம்பதுக்கு அந்த நாளின் டே புக் திரையில் வந்தது. அக்கவுண்டன்ட் எழுந்து வந்து கடைசி வவுச்சர் எண்ணைத் தன் ஃபைலோடு ஒத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. வருட ஒப்பந்தத்தில் அன்று மதியம் கையெழுத்துப் போட்டோம்.